பேசியவர்கள்

எமிஸ் பதிவேற்ற
சிக்னல் கிடைக்கிற மாடிப்படிக்குப் போகும் முன்
ஃபிலோமினா டீச்சர் என் கையில்
ஒரு சாக்பீஸ் தருவார்.
"பேசுறவங்க பேரை எழுதி வை, வெண்மதி."

பெரும்பாக்கம், எட்டாம் வகுப்பு பி பிரிவு.
கூவத்தின் கரை, அடையாற்றின் கரை,
பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் என
எங்கெங்கிருந்தோ லாரியில் ஏற்றி
பிளாக் பிளாக்காக இறக்கப்பட்ட பிள்ளைகள்.
யார் எந்த பிளாக் என்று
சட்டைக் காலரைப் பார்த்தே சொல்லிவிடுவோம்.
சொல்லவும் செய்தோம்.
என்னுடையது லிஃப்ட் ஓடுகிற பிளாக்.

கரும்பலகையின் வலது மூலை எனக்கு.
'பேசியவர்கள்' என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுப்பேன்.
முதல் பெயர் கலையரசன்.
அவன் வாய் திறக்கட்டும் என்று
காத்திருந்த நாட்களும் உண்டு, ஜூன் மாதத்தில்.
அப்புறம் கை பழகிவிட்டது.
தேதி போடுவதுபோல
அவன் பெயரைப் போட்டுவிட்டுத்தான்
வகுப்பைத் திரும்பிப் பார்ப்பேன்.
அவன் அப்பாவுக்கு என்ன வேலை என்று
யாரும் கேட்டதில்லை.
எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு நற்பண்பு வகுப்பு.
'எல்லோரும் சமம்', பத்துத் தடவை.
ஏழாவது தடவையில் களைத்துப்போய்
'எலோரும்' ஆகிவிட்டது என் நோட்டில்.
சுவரில் என் சார்ட்:
நாலு விதமாக உடுத்திய நாலு பிள்ளைகள்.
கைகோத்து நிற்கவேண்டும்.
எனக்கு விரல் வரைய வராது.
கை சேரும் இடங்களிலெல்லாம்
ஒரு பூங்கொத்து வைத்து மறைத்துவிட்டேன்.

ஆகஸ்டில் அவள் வந்தாள்,
சோழிங்கநல்லூரில் எழும்பிக்கொண்டிருக்கும்
ஏதோ கட்டடத்தின் தகரக் கொட்டகையிலிருந்து.
ரெஜிஸ்டரில் ஜோஸ்னா.
எங்கள் வாயில் சோசனா.
கடைசி பெஞ்சில் 'ஏய் இந்தி'.
அவளுக்கு இந்தி சரியாக வராது,
ஒடியா என்றாள்.
அப்படியும் ஒன்று இருக்கிறதா என்று கேட்டது நான்தான்.

பேசினாள்.
பெஞ்சோடு, உடைந்த ஸ்கேலோடு,
ஜன்னலில் வந்து நிற்கும் மழையோடு
ஓயாமல் பேசினாள்.
நான் எழுதவில்லை.
என் நல்ல மனசு என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.
எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை,
அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை
அவளே எழுந்து வந்தாள்.
"நான் பேசினேன். என் பேர் எங்க?"
பதில் இல்லாததால்
சாக்பீஸை என் கையிலிருந்து எடுத்து
கலையரசனுக்குக் கீழே எழுதினாள்.
ஒவ்வோர் எழுத்தின் தலைமேலும்
ஒரு சின்னக் குடை.
எத்தனையோ நாள் மேசையைத் தட்டித் தட்டி
நான் கேட்ட அமைதி
அப்போதுதான் வந்தது.

டீச்சர் வந்து நின்று பார்த்தார்.
"இது யாரு?"
விரல் வைத்துப் படித்துக் காட்டினாள்:
ஜ்யோத்ஸ்னா.
நாங்களும் சொல்லிப் பார்த்தோம்,
நாக்கு தடுக்கி, எச்சில் தெறித்து.
மூன்றாவது முறை
யாருக்கோ சரியாக வந்து
கைதட்டல் வாங்கியது.

"சரி சரி. போர்டுல இருக்கிற ரெண்டு பேரும்
வெளிய போய் நில்லுங்க."

பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி
வராந்தாவுக்கு ஓடினாள்.
அவள் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க
இடம் காலியாக இருந்தது.
"கலையரசன்?"
"அவன் இன்னைக்கு வரவே இல்ல டீச்சர்."

வகுப்பு சிரித்தது.
டீச்சரும் சிரிக்கத் தொடங்கி
பாதியில் நிறுத்தி
என்னைப் பார்த்தார்.
பிறகு ரெஜிஸ்டரை, கொஞ்ச நேரம்.
டஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை
பை தோளில் தொங்க
போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.
தன் பெயருக்குக் கீழே இருந்த குடைகளை
ஒவ்வொன்றாகப் பார்த்தான்.
ஜ்யோத்ஸ்னா அவனுக்குப் படித்துக் காட்டினாள்.
ஒரே தடவையில் அவனுக்கு வந்துவிட்டது.

அப்புறம் என் பக்கம் திரும்பினான்.
கோபமில்லை.
லீவு போட்டவன்
வீட்டுப்பாடம் கேட்கிற குரல்தான்.

"நேத்து நான் என்னா பேசுனேன்?"